எந்தக் கிழமை வர முடியும்?

சேலத்தில் தொண்டு செய்ய எங்கே போவது என்று தெரியவில்லை என்கிற பிள்ளைகளையும், கைகொடுக்க ஆளே கிடைப்பதில்லை என்கிற அமைப்புகளையும் ஒரே வாரத்தில் சந்திக்கிற வேலை என்னுடையது. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அமைப்புக்குக் கணக்கு எழுதப் போனவள் நான். கணக்கோடு சேர்த்து, வாலண்டியராக வர விரும்புகிறவர்களின் போனை எடுத்துப் பேசும் பொறுப்பும் எப்படியோ என் தலையில் விழுந்தது. அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இது விளம்பரமாகிவிடும்.

இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆள் வேண்டிய இடங்களில் 'ஆள் வேண்டும்' என்று எழுதிப் போடக்கூட ஆள் இல்லை. அழகான இணையதளமும் இன்ஸ்டாகிராம் பக்கமும் வைத்திருக்கிற பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. அவற்றின் படிவங்களை நிரப்பி நிரப்பியே சலித்துப்போன பிள்ளைகள் நிறைய. சேலத்துக்குள் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ ஒரு மாடிப் போர்ஷனில், ஒரு பீரோவும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியுமாக நடக்கிற அமைப்பு கூகுளில் தேடினால் வராது. வந்தாலும் அதில் இருக்கும் போன் நம்பர் போன செயலாளருடையதாக இருக்கும். அவர் இப்போது மகன் வீட்டோடு திருப்பூரில் இருப்பார்.

போனில் நான் முதலில் கேட்பது, "எந்தக் கிழமை வர முடியும் கண்ணு?" பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "எப்ப வேணாலும் கூப்பிடுங்கக்கா, ஃப்ரீயா இருந்தா கண்டிப்பா வர்றேன்." மனசாரச் சொல்வதுதான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மலையில் வகுப்பு என்றால் மாலை ஐந்து மணிக்கே பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு அக்கா அடுத்த வாரம் கதைப் புத்தகம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் அதை அவர்கள் மறப்பதே இல்லை. அந்த அக்கா வராமல் போனால் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதனால் "வியாழக்கிழமை, ரெண்டு மணி நேரம், டிசம்பர் வரைக்கும்" என்று ஒரு பையன் சொன்னானென்றால், அவனுக்கு என்ன தெரியும் என்பதுகூட எனக்கு இரண்டாம்பட்சம். அந்த வியாழக்கிழமையில் ஏதாவது ஒரு வேலையைப் பொருத்திவிடலாம்.

வேலை என்றதும் பிள்ளைகள் மனதில் வருவது மூன்று: பாடம் சொல்லித் தருவது, சாப்பாடு போடுவது, மரக்கன்று நடுவது. எங்கள் அலுவலகத்தில் தேங்கிக் கிடப்பவை வேறு. நன்கொடை ரசீதுகளை வரிசைப்படுத்த வேண்டும். நூலகப் புத்தகங்களுக்கு எண் ஒட்ட வேண்டும். கையால் எழுதிய கள அறிக்கைகளைத் தமிழில் டைப் அடிக்க வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பத்துக்கு ஒருவர் கூட உட்கார வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு வருகிற மலைக்காரப் பாட்டியோடு ஓ.பி. சீட்டிலிருந்து மாத்திரை வாங்கும் வரிசை வரை ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஒரு பி.காம். மாணவி சனிக்கிழமை காலைகளில் வந்து எங்கள் வவுச்சர்களை டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றிக் கொடுத்தாள். அந்த ஆண்டு ஆடிட்டர் எங்களைத் திட்டவே இல்லை. அவள் குழந்தைகளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த தன்னார்வலர் யார் என்று கேட்டால் நான் அவள் பெயரைத்தான் சொல்வேன்.

சரி, எங்கே தேடுவது?

கல்லூரியில் படிப்பவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. முகாமைப் பற்றிக் கேட்டால் சமையல் நன்றாக இருந்ததா இல்லையா என்பதில்தான் பிள்ளைகள் பேச்சைத் தொடங்குவார்கள். ஏழு நாளில் ஒரு ஊர் மாறிவிடப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் பிடித்தது முகாம் முடிந்த பிறகு நடப்பது. அங்கே பழக்கமான பள்ளித் தலைமையாசிரியரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் யாரும் அனுப்பாமலே தனியாகப் போய் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியர் நடமாடும் முகவரிப் புத்தகம் மாதிரி. எந்த முதியோர் இல்லம் ஆள் கேட்டுக் கடிதம் கொடுத்தது, எந்த டிரஸ்டுக்கு மாணவர்களை அனுப்பி மனக்கசப்பாயிற்று என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திட்டத்தில் சேராத மாணவர்களும் அவரிடம் போய்க் கேட்கலாம், துரத்த மாட்டார். யூத் ரெட் கிராஸ் பொறுப்பாளரும் அப்படித்தான். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் "நமக்கு இதெல்லாம் இல்லை" என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 31 அன்று ஒன்றிய அரசு இளைஞர்களுக்காகத் தொடங்கிய மை பாரத் இணையதளத்தில் 15 முதல் 29 வயது வரை யாரும் பதிவு செய்யலாம். அதில் ஊர்வலம், உறுதிமொழி வகை நிகழ்ச்சிகளும் கலந்து கிடக்கும். பொறுக்கி எடுக்க வேண்டியது நம் பாடு.

இதைவிட யாரும் யோசிக்காத இடம் ஒன்று உண்டு: கலெக்டர் ஆபீஸ். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மாவட்ட சமூக நல அலுவலகம் என்று மாவட்ட நிர்வாகத்தில் தனித்தனி அலுவலகங்கள் இருக்கின்றன. பதிவுபெற்ற குழந்தைகள் இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள், முதியோர் இல்லங்கள் எவையெவை என்று அவர்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், குறைதீர் நாள் கூட்டத்தில் உங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். வேறு ஒரு நாளில் போய், "பக்கத்தில் எந்த இல்லத்துக்கு ஆள் உதவி வேண்டியிருக்கிறது?" என்று கேட்டால் பெயரும் ஊரும் சொல்வார்கள். அரசு அலுவலகத்தில் வேலை இல்லாமல் கால் வைக்கலாமா என்கிற கூச்சத்தை விட்டுவிட்டால் போதும்.

நூலகம் இன்னும் எளிது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், சில இடங்களில் பெயரளவில். இளைஞர் ஒருவர் வந்து "மாதம் ஒரு ஞாயிறு குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன்" என்றால் நூலகர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அறிவியலில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இருக்கிறது. 1980-ல் தொடங்கியது, 1987 முதல் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்துகிறது. குழந்தைகள் செய்யும் ஆய்வுகளுக்கு வழிகாட்டவும், வானம் பார்க்கும் இரவுகளுக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் அங்கே எப்போதும் ஆள் வேண்டும்.

கூட்டமாகச் சேர்ந்து செய்வது எல்லோருக்கும் ஒத்துவராது. பேச்சு குறைவான, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை நான் ஏரிக்கரைக்கு அனுப்புவேன். கன்னங்குறிச்சியில் சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் மூக்கனேரியை, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேலம் மக்கள் குழு முன்னின்று தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தது. அந்தத் திட்டுகளில் இப்போது பறவைகள் அடைகின்றன. அந்தப் பறவைகளை எண்ணுவதும் ஒரு தொண்டுதான். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாடு முழுக்க நடக்கிறது, 2015-ல் ஆரம்பித்தது. குறைந்தது கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்து, எண்ணி, ஈபேர்டு செயலியில் பட்டியலை ஏற்றினால் போதும். வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். மைனாவும் காகமும் மட்டும் இருந்தாலும் அது பட்டியல்தான். காக்கையை எல்லாம் எழுதுவதா என்று சிரித்துவிட்டு விடுபவர்களால்தான் காக்கை குறைகிறதா கூடுகிறதா என்பது தெரியாமல் போகிறது. சேலத்தில் பறவையியல் கழகம் ஒன்று இயங்குகிறது. வனத்துறை நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்புகளுக்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருமுறை போய்வந்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பார்வையற்ற மாணவர்களுக்கும், கையால் எழுத இயலாத மாணவர்களுக்கும் தேர்வில் அவர்கள் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும். ஸ்கிரைப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பொதுத் தேர்வுகளில் கல்வித் துறையே ஏற்பாடு செய்துவிடும். கல்லூரித் தேர்வு, போட்டித் தேர்வு என்று வரும்போது சிக்கல். எழுதுகிறவரின் படிப்பு தேர்வெழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது முதுகலை படித்த நானோ, வேலையில் இருக்கும் என் தம்பியோ ஒரு பி.ஏ. மாணவருக்கு எழுத முடியாது. பிளஸ் டூ, டிப்ளமோ, முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகள்தான் வேண்டும். இளைஞர்களால் மட்டுமே செய்ய முடிகிற தொண்டு என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். ஆனால் தேர்வு மாதத்தில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் தேர்வு இருக்கும். அதனால்தான் ஆள் கிடைப்பதில்லை.

செய்து பார்த்தவர்கள் சொல்வதிலிருந்து சில குறிப்புகள். தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது அந்த மாணவரோடு உட்கார்ந்து பழக வேண்டும். அவர் சொல்லும் வேகம், ஆங்கிலச் சொல்லை அவர் உச்சரிக்கும் விதம், பத்தி பிரிக்கச் சொல்லும் முறை எல்லாம் பழக்கத்தில்தான் பிடிபடும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, ஆக மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் நடக்கும். அதற்கேற்பச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் தப்பாகச் சொன்னாலும் தப்பாகவே எழுத வேண்டும். இதுதான் கஷ்டம் என்று ஒரு பெண் சொன்னாள்: "அக்கா, எனக்கு ஆன்சர் தெரியும். கை துறுதுறுன்னு வருது. அவர் வேற சொல்றார். அப்படியே எழுதிட்டேன்." சரியாகச் செய்திருக்கிறாள். ஒவ்வொரு தேர்வு அமைப்பின் விதியும் கொஞ்சம் மாறும். அடையாள அட்டை, உறுதிமொழிப் படிவம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வையற்றோர் சங்கங்களிலும், கல்லூரிகளில் இருக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவிலும் பெயர் கொடுத்து வைத்தால் போதும், போன் வரும்.

ரத்த தானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18 வயது முடிந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால் ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். தலைவர் பிறந்தநாள் முகாமுக்குக் காத்திருக்காமல் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு நேராகப் போங்கள்.

மலையில் இருந்து பஸ் ஏறி வர முடியாதவர்கள் போனிலேயே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. இணையத்தில் இலவச நூலகம் போல இருக்கும் தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் படங்கள் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கணினி படித்துத் தந்த எழுத்தில் ரகரமும் றகரமும், ஒற்றும் துணைக்காலும் குழம்பியிருக்கும். மூலப் படத்தைப் பார்த்து மெய்ப்புத் திருத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்கு இதைச் சொன்னேன். தமிழில் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுத அவன் கற்றது அங்கேதான் என்று பிறகு சொன்னான். டி.என்.பி.எஸ்.சி. பொதுத்தமிழுக்கும் உதவியதாம்.

ஓர் அமைப்பு நல்லதா, ஏமாற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொண்டு அமைப்புகள் டிரஸ்டாகவோ, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகவோ, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ பதிவாகியிருக்கும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் மாவட்ட வாரியாகத் தேடிப் பார்க்கலாம். சேலம் என்று போட்டுத் தேடினால் உங்கள் தெருவிலேயே ஓர் அமைப்பு இருப்பது தெரிந்து ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது பதிவுக்கு அடையாளம், நடத்தைக்கு அல்ல. நான் பிள்ளைகளிடம் சொல்வது வேறு சோதனை. போன ஆண்டு வரவு செலவைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. அங்கே வேலை செய்கிற அக்காவுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மீதிச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று இப்போது அதிகமாகியிருக்கிறது. இணையத்தில் 'இன்டர்ன்ஷிப்' என்று சேர்த்துக்கொண்டு, ஒரு லிங்க்கைக் கொடுத்து, சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் இத்தனை ஆயிரம் வசூலித்துக் கொடுத்தால்தான் சான்றிதழ் என்பார்கள். கல்லூரிப் பிள்ளை மாமாவிடமும் சித்தப்பாவிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டு அனுப்பும். அது நன்கொடை திரட்டும் வேலை, சம்பளமில்லாத விற்பனையாள் வேலை. நல்ல நோக்கத்துக்காகவே இருந்தாலும் அதைத் தொண்டு என்று சொல்லிச் சேர்ப்பது நேர்மையில்லை. சேர்வதற்குப் பணம் கட்டச் சொல்லும் எந்த இடத்தையும் விட்டு விலகிவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் இல்லங்களுக்குப் போவதென்றால் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிப்போய் இல்லத்துப் பிள்ளைகள் நடுவில் வெட்டி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. அந்தப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் எத்தனை முன்பின் தெரியாதவர்களுக்கு ஹேப்பி பர்த்டே பாடுகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? இல்லத்தில் இருக்கும் குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களிடம் அடையாள அட்டை, முகவரி, தெரிந்தவர் ஒருவரின் எண் என்று நிறையக் கேட்கிற இல்லம் நல்ல இல்லம். சாயங்காலம் முன்பின் தெரியாமல் போய் நின்றவரைக் குழந்தைகளோடு தனியாக விடுகிற இல்லத்தைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். சாப்பாடு போடத்தான் ஆசை என்றால் பணமாகக் கொடுத்து, என்றைக்கு வேண்டுமோ அன்றைக்குச் சமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீபாவளியன்று ஐந்து பேர் கொண்டுவரும் பிரியாணி வீணாகும் கதையை எந்த இல்லத்து வார்டனும் சொல்வார்.

மலைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, நோட்டுப் புத்தகமும் பிஸ்கட்டும் ஏற்றிய வேன்கள் வரும். ரோட்டோரத்துக் கிராமத்தில் நிறுத்தி, பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துக் கொடுத்துவிட்டு, மதியம் படகு இல்லத்துக்குப் போய்விடுவார்கள். ரோட்டோரத்துப் பிள்ளைகளிடம் எழுதியது போக மிச்ச நோட்டே அடுக்காக இருக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊருக்கு ஒரு பென்சில்கூடப் போயிருக்காது. கொடுப்பதற்கு முன்னால் யாரிடம் கேட்பது என்று தெரியாததால் வருவது இது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு போன் போட்டால் சரியாகிவிடும்.

எனக்கு இதைவிட உறுத்துவது, மலையின் பிள்ளைகளை நாம் எப்போதும் வாங்குகிற வரிசையிலேயே உட்கார வைத்திருப்பதுதான். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பெண்கள் பலர் இன்று தினமும் பஸ் பிடித்துச் சேலத்துக்கு இறங்கிக் கல்லூரியில் படிக்கிறார்கள். எங்கள் வகுப்புகளில் இதுவரை நிலைத்து நின்றவை எல்லாம் அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்தி பொறுப்பெடுத்தவைதான். கீழேயிருந்து வரும் தன்னார்வலர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்துவார். மழை என்றால் வர மாட்டார், மே மாதக் கோடை விழா நெரிசலில் பாதி வழியிலேயே நிற்பார். ஊர்ப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் யார் வீட்டில் இருட்டும் வரை ஆள் இருக்காது, எந்தப் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும், எந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாமல் கரும்பலகை மங்கலாக இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதே வழியில்தான் நடந்தது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, அந்தந்தத் தெருவிலேயே பிளஸ் டூ முடித்தவர்களும் பட்டதாரிகளும், ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள் என்று மாலை ஐந்திலிருந்து ஏழு வரை உட்கார்ந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் குறைவு என்ற சண்டை அன்றும் இருந்தது, நியாயமான சண்டை. ஆனால் வீட்டுத் திண்ணையை விட்டு எங்கும் போகாமல், பெற்றவர்களிடம் அனுமதிக்குப் போராடாமல், ஒரு கிராமத்துப் பெண் ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சரக்கா ஆக முடியும் என்பதை அது காட்டியது. அந்தப் பெண்களில் சிலர்தான் இன்று எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு முதுகெலும்பு. ஏற்காட்டில் இருந்துகொண்டு, "வாய்ப்பெல்லாம் டவுனில்தான்" என்று நினைக்கும் தங்கைகளே, நீங்கள் படித்த பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழு என்றைக்குக் கூடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முன்னாள் மாணவி வந்து நின்றால் தலைமையாசிரியர் சந்தோஷப்படுவார்.

பெண் பிள்ளைகள் என்றால் வீட்டு அனுமதி ஒரு பெரிய விஷயம். அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. நான் சொல்லும் வழி, முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவது. இடத்தைப் பார்த்து, எங்களோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போன அம்மாக்கள் அடுத்த வாரம் பெண்ணை வேறு யாரும் கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள். ஒரு அம்மா வந்த இடத்தில் பாய் தைக்க உட்கார்ந்துவிட்டு, இப்போது மகளைவிட ஒழுங்காக வருகிறார். பஸ் காசும் பெரிய விஷயம்தான். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது டவுனுக்குள் உதவுகிறது. மற்றபடி போக்குவரத்துச் செலவை அமைப்பிடம் கேட்பதில் தப்பே இல்லை. கொடுக்க முடிந்தால் கொடுப்பார்கள். கேட்டதற்காகக் குறைவாக நினைக்கிற இடம் என்றால் அங்கே போகவே வேண்டாம். பஸ் காசு உள்ளவர்கள் மட்டுமே தொண்டு செய்யலாம் என்றால் அது எப்படிச் சரியாகும்?

கடைசியாக, முதல் வாட்ஸ்அப் செய்தியை எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். போன ஆண்டு எனக்கு வந்த ஒன்றை, ஆளையும் ஊரையும் மாற்றித் தருகிறேன்: "வணக்கம் மேடம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வீடு கொண்டலாம்பட்டி. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் காலேஜ் இல்லை. ஜனவரி கடைசி வரை வாரா வாரம் வர முடியும். தமிழ் டைப்பிங் தெரியும், எக்செல் சுமாராகத் தெரியும். நவம்பரில் செமஸ்டர், அப்போது இரண்டு வாரம் வர முடியாது. ஒரு நாள் நேரில் வந்து பார்க்கலாமா?" இதில் சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற வரியே இல்லை. வர முடியாத நாளையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். அன்று மாலையே கூப்பிட்டுப் பேசினேன். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அனுப்புங்கள். எங்களைப் போன்ற இடங்களில் செய்தி பார்க்கப்பட்டும் பதில் எழுத மறந்துபோவது சகஜம், அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சான்றிதழ் கேட்பதிலும் தப்பில்லை, முதல் நாளே கேட்காமல் இருந்தால் சரி. செய்த வேலை, கிழமை, எத்தனை மாதம் என்று எழுதிக் கேளுங்கள். 'சிறப்பாகத் தொண்டாற்றினார்' என்று பொதுவாக எழுதிய காகிதத்தை எந்த மேலாளரும் படிப்பதில்லை. 'ஆறு மாதம் நன்கொடைக் கணக்கை டேலியில் பராமரித்தார்' என்று இருந்தால் படிப்பார்.

கூப்பிடச் சரியான மாதங்கள் ஜூனும் ஜூலையும். பள்ளி திறந்து வகுப்புகளைத் திட்டமிடும் நேரம் அது, எந்தக் கிழமையில் எந்த ஊருக்கு ஆள் இல்லை என்று எங்கள் கையில் பட்டியல் இருக்கும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், சேலத்தில் யாரும் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள். மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரம், அப்போது டேலி தெரிந்தவர்கள் மட்டும் கூப்பிடலாம். எந்த மாதமானாலும் காலை பதினொன்றுக்கு மேல் போன் செய்யுங்கள். அதற்கு முன்னால் எங்களில் பாதிப் பேர் ஏற்காடு பஸ்ஸில் இருப்போம், வளைவுக்கு வளைவு சிக்னல் போய்விடும்.